நூலகத் தந்தை இரங்கநாதன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவி)

நாட்டுக்கு உழைத்த நல்லோர் பலர். நிலம் மீட்டவர் உண்டு. அணை கட்டியவர் உண்டு. பள்ளி திறந்தவர் உண்டு. அலமாரிக்குள் அடைந்து கிடந்த நூல்களை அனைவர் கைக்கும் கொண்டு சேர்ப்பதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவரும் ஒருவர் உண்டு. அவரே சீர்காழி தந்த செம்மல் எஸ்.ஆர். இரங்கநாதன். ஆகஸ்டு 12ஆம் நாளை அவர் நினைவாக நூலகர் நாளென்று நாடு கொண்டாடுகிறது. ஆயினும் அவர் பெயரைக் கேட்டால் மாணவருள் பலர் விழிப்பர். சென்ற ஆண்டுவரை நானும் விழித்தவளே!

இளமையும் கல்வியும்

1892இல் பிறந்த இரங்கநாதன் ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும், கோவையிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். பேச்சில் திக்கல் இருந்தும் அதனை வென்று நல்லாசிரியர் எனப் பெயரெடுத்தார்.

வாழ்வில் வந்த திருப்பம்

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அவர் அமர்த்தப்பெற்றார். அப்போது நூலகக் கலையில் அவருக்கு எப்பயிற்சியும் கிடையாது. வகுப்பறையின் கலகலப்பில் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை கசந்தது. கல்லூரிக்கே திரும்பிவிட எண்ணினார். முதலில் இலண்டன் சென்று பயின்று வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெரியோர் அனுப்பி வைத்தனர்.

அங்கேதான் அவர் கண் திறந்தது. குராய்டன் நகரப் பொது நூலகத்தில் பணி பழகினார். மேலும் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளும், தொழிலாளரும், இல்லத்தரசியரும் உரிமையோடு வந்து நூலெடுத்துச் செல்வதைக் கண்டார். நூலகம் கற்றோரின் கருவூலம் மட்டுமன்று, ஊரின் பொதுச்சொத்து என உணர்ந்தார். 1925இல் தாயகம் திரும்பியவர் கல்லூரிக்குப் போக விரும்பவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர் தாமே அலமாரியருகே சென்று நூலைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார்.

ஐந்து விதிகள்

1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகப்புகழ் பெற்றவை. நூல்கள் பயன்படுவதற்கே உரியன. ஒவ்வொருவருக்கும் அவரவர்க்குரிய நூல் வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும். நூலகம் வளரும் உயிர். இவையே அவற்றின் சாரம்.

இவற்றுள் என்னைக் கவர்ந்தது இரண்டாவது விதி. ஒவ்வொருவரும் என்றால் யார் யார்? கணித ஆசிரியர் அல்லவா, ஒருவரையும் விடாமல் கணக்கெடுக்கிறார்! ஏழை, செல்வர், ஆண், பெண், நகரத்தார், கிராமத்தார், குழந்தை, முதியோர், கண் பார்வையற்றோர், மருத்துவமனையில் கிடப்போர், சிறையில் இருப்போர், கடலில் செல்லும் மாலுமிகள் என அவர் பட்டியல் நீள்கிறது. வருகின்றவரை எண்ணுவதோடு நூலகத்தின் கடமை முடியவில்லை. வராதவர் யார், ஏன் வரவில்லை என்று கேட்டறிந்து பணிகளை வகுக்க வேண்டும் என்பதே நான் அறிந்த பாடம்.

அக்கருத்து ஏட்டோடு நிற்கவில்லை. அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். இம்முயற்சிக்கு இரங்கநாதன் ஊக்கமளித்தார். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மதகடிப்பட்டுக்காரர்களாகிய நமக்கு வண்டியின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ? சாலை போகாத இடத்துக்கும் வண்டி போகும். அவ்வண்டியில் நூலும் போயிற்று!

1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னணியில் இரங்கநாதனின் பல்லாண்டு உழைப்பு இருந்தது. 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் சேமிப்பில் ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகவியல் பேராசிரியர் பதவிக்கென வழங்கினார். 1972 செப்டம்பர் 27இல் பெங்களூரில் மறைந்தார்.

நாம் செய்ய வேண்டுவது

நான் அறிந்த சிற்றூர் வாசகசாலை ஒன்று உண்டு. கழனி வேலைக்குப் போவோர் வீடு திரும்பும் வேளையில் அது பூட்டப்பட்டுவிடும். பெண்கள் அங்கே சென்று நான் பார்த்ததில்லை. என் தாயாருக்கோ எழுத்தே தெரியாது. நான் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் கொண்டுபோய் மாலையில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்ட அம்மா, மாட்டுக்கு வரும் கோமாரியைப் பற்றி ஏதும் புத்தகம் கிடையாதா என்றார். நான் வெட்கப்பட்டேன். எனக்குப் பிடித்ததைக் கொண்டு போனேனேயன்றி, அவருக்கு எது வேண்டும் என்று கேட்கவில்லையே! மறுவாரம் கால்நடை வளர்ப்பு நூலொன்றைத் தேடிக் கொண்டுபோனேன். அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் திண்ணையில் வந்து அமர்ந்தனர். இரண்டாவது விதியின் பொருள் எனக்கு விளங்கியது அன்றுதான்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, நம் தெருவில் எழுத்தறியாதவர் என்ன கேட்க விரும்புகிறார் என்று கேட்டு, அந்நூலைத் தேடிப் படித்துக் காட்டுவோம். நம் பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். மன்னார்குடியில் புறப்பட்ட அந்த வண்டி நம் தெருவுக்கும் வந்து சேரட்டும்!