லூயிஸ் ஹைன்

நியூயார்க் நகரில் 102 மாடிகளுடன் நிற்கும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை நாம் படங்களில் கண்டிருக்கிறோம். அதைக் கட்டிய கரங்களைக் கண்டிருக்கிறோமா? அவற்றை உலகிற்குக் காட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி!

லூயிஸ் ஹைன் 1874-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்ததால், தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். பின்னர் படித்து, நியூயார்க்கில் ஆசிரியரானார். பள்ளியின் தேவைக்காகவே முதலில் காமிராவைக் கையில் எடுத்தார்.

1908-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு அவரைப் பணியில் அமர்த்தியது. அந்நாளில் அங்கே நிலக்கரிச் சுரங்கங்களிலும் நூற்பாலைகளிலும் சிறுவர் சிறுமியர் உழைத்தனர். முதலாளிகள் படமெடுக்க இசைவார்களா? பைபிள் விற்பவராகவும், அஞ்சலட்டை விற்பவராகவும் வேடமிட்டு உள்ளே நுழைந்தார் ஹைன். வேடமிடுவது முறையா என்று நமக்கும் ஐயம் எழுந்தது. ஆனால், இயந்திரங்களுக்கு நடுவே வெறுங்காலுடன் நிற்கும் அச்சிறுமிகளின் முகங்களைக் கண்டபின் அந்த ஐயம் நம்மிடம் நிற்கவில்லை. தம் கோட்டின் பொத்தான்களைக் கொண்டே குழந்தைகளின் உயரத்தை அளந்தார்; சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே வயதையும் பெயரையும் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு படத்துடனும் அந்த விவரங்கள் சென்றன. ஆகவே எவராலும் எளிதில் மறுக்க முடியவில்லை.

முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்திற்காக ஐரோப்பா சென்று வந்தார்.

1930-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பத் தொடங்கியது. 50 வயதைக் கடந்திருந்த ஹைன், கனமான காமிராவுடன் தொழிலாளரோடு தாமும் மேலேறினார். உத்திரங்களில் நின்றார், கூடையில் அமர்ந்து அந்தரத்தில் தொங்கியும் படமெடுத்தார். எஃகு வடத்தைப் பற்றி வானில் நிற்கும் இளைஞன், உத்திரங்களைப் பொருத்துவோர், மரையாணி முடுக்குவோர் ஆகியோரே அப்படங்களின் நாயகர்கள். அவற்றுட் சில 1932-இல் இளைஞருக்கான நூலாக வெளிவந்தன.

1938-இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. அந்த ஆண்டுகளில் ஹைனுக்கோ வேலை கிடைக்கவில்லை. வீடும் கையை விட்டுப் போயிற்று. அரசின் உதவித் தொகையை நாடினார். 1940 நவம்பரில் வறுமையிலேயே மறைந்தார். நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் அவருடைய படங்களை ஏற்க மறுத்தது. குழந்தைத் தொழிலாளரைப் பற்றி அவர் எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட படங்களை இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாத்து வருகிறது.