அதிர்வைப் படித்த மேதை சர் சி.வி. இராமன்



போன கோடையில் எங்க மாமா வேலை செய்யும் உப்பளத்தில், தண்ணி இறைக்கிற எஞ்சினோட ஷாப்ட் திடீர்னு உடைஞ்சிடுச்சு. பெல்ட் தெறிச்சு மாமா காலில் நல்ல அடி. உடைந்த இடத்தை மெக்கானிக் காட்டினார். பாதி பழைய விரிசல், துரு ஏறியிருந்தது. மீதிதான் அன்னைக்கு உடைந்தது. சத்தம் மாறியிருக்குமே, யாரும் கவனிக்கலையா என்று அவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

அறிவியல் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அதிர்வைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்னா இராமன் வாழ்க்கையைப் படி என்று புத்தகம் எடுத்துக் கொடுத்தார். படித்ததை உங்களுக்குச் சொல்றேன்.

இராமன் 1888 நவம்பர் 7-ல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலினும் வாசிப்பார். இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. முடித்தார். அப்போ நம்ம நாட்டில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைப்பது கஷ்டம். அதனால் நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவில் அதிகாரி ஆனார். ஆனாலும் ஆபீசுக்கு முன்னாலயும் பின்னாலயும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் கழகத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்தார். 1917-ல் அதிகச் சம்பளத்தை விட்டுட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

வயலின், வீணை, மிருதங்கம் எல்லாமே அவருக்குச் சோதனைப் பொருள்கள்தான். சாதாரண முரசைத் தட்டினால் எழும் பல ஒலிகள் ஒன்றோடொன்று இசையாது. மிருதங்கத்திலும் தபலாவிலும் அவை சுருதியாகச் சேரும். நடுவில் பூசியிருக்கும் கறுப்புச் சோறு தோலுக்குக் கனம் கொடுத்து அதிர்வை மாற்றுவதுதான் காரணம் என்று 1920-ல் வெளியிட்டார். பிறகு தோலின் மேல் மணலைத் தூவி, எந்த இடம் அதிருது, எந்த இடம் அசையாம இருக்கு என்றும் காட்டினார்.

1921-ல் கப்பல் பயணத்தில் கடலின் நீலம் அவரை ஒளி ஆராய்ச்சிக்கு இழுத்தது. 1928 பிப்ரவரி 28-ல் இராமன் விளைவைக் கண்டுபிடித்தார். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்தே, அதன் மூலக்கூறுகள் எப்படி அதிருதுன்னு அறியலாம். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் காலமானார்.

இராமன் இரும்பு விரிசலை ஆராயவில்லை. ஆனா எனக்கு விடை அவரிடம்தான் கிடைத்தது. ஒரு பொருளின் அதிர்வு அதன் கனத்தையும் விறைப்பையும் பொறுத்தது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியுது இல்லையா? அதுபோல ஓடிக்கிட்டே இருக்கும் இரும்பும் களைத்துப் போகும். முதலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அப்போது விறைப்பு குறையும், அதிர்வின் வேகமும் குறையும், தட்டினால் ஓசை சீக்கிரம் அடங்கிடும். சந்தையில் அம்மா பானையைத் தட்டிப் பார்ப்பது இதுக்குத்தான். ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்டதும் இதுக்குத்தான். 1842-ல் பிரான்சில் வெர்சேல்ஸ் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்போது பாலங்களிலும் டர்பைன்களிலும் கருவிகளைப் பொருத்தி அதிர்வை அளக்கிறார்கள்.

மாமா இப்போ திரும்ப வேலைக்குப் போறார். எஞ்சினைப் போட்டதும் ஒரு நிமிஷம் நின்னு சத்தத்தைக் கேட்கிறார். நண்பர்களே, நம்ம ஊரில் உப்புக் காத்து எல்லா இரும்பையும் தின்னுது. உங்க வீட்டிலும் சைக்கிளோ மோட்டாரோ சத்தம் மாறினா சும்மா விடாதீங்க, பெரியவங்ககிட்ட சொல்லுங்க. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தை நாம் இப்படியும் கொண்டாடலாம்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்