கம்ப்யூட்டர் என்ற பதவியில் ஒருவர்

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒரு நிலத்தின் நான்கு எல்லைக்கற்களின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்தால், பரப்பளவு நொடியில் வந்துவிடும். பழைய மலாயா வரைபடங்களுக்கான அளவை முறையை அதில் தேடினால் ‘எவரெஸ்ட் 1830’ என்ற பெயர் தென்படும். இந்திய நில அளவைத் துறைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் பூமியின் வடிவத்திற்குக் கணித்த அளவுகள் அவை. அவரிடம் கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தர். அவர் பெயர் அங்கே இல்லை.

1813இல் கல்கத்தாவில் பிறந்த ராதாநாத், இந்துக் கல்லூரி மாணவர். 1831இல், ஏறக்குறைய நம் வயதில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் முக்கோண நில அளவைத் திட்டத்தில் சேர்ந்தார். 1802இல் சென்னையில் தொடங்கிய திட்டம் அது. அவரது பதவியின் பெயர் கம்ப்யூட்டர். அன்று அந்தச் சொல் மனிதரைத்தான் குறித்தது.

ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கண்டுபிடிக்கலாம். கூடுதல் கணிதத்தில் நாம் படிக்கும் அதே சைன் விதி. கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. ஆனால் பூமி வளைந்தது; தூரத்துச் சிகரத்திலிருந்து வரும் ஒளியும் காற்றில் வளைகிறது. இரண்டையும் திருத்த வேண்டும், அதுவும் மடக்கை அட்டவணையைப் பார்த்துக் கையால்!

கணக்கோடு நின்றுவிடும் மனிதரல்லர் அவர். 1843இல் டேராடூனில் ஒரு நீதிபதி, நில அளவைத் தொழிலாளர்களைக் கூலியின்றிச் சுமை தூக்க வைத்தார். ராதாநாத் தட்டிக் கேட்டார். 200 ரூபாய் அபராதம் விழுந்தது.

‘சிகரம் 15’ உலகிலேயே உயரமானது என்று 1852இல் அவரது கணக்கு காட்டியது. ஒரே நாளில் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் கதை சுவையானது. உண்மையில் பல இடங்களிலிருந்து எடுத்த அளவுகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த நீண்ட வேலை அது. 1856இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. இன்றைய அளவான 8,848.86 மீட்டருக்கு ஒன்பது மீட்டர்தான் குறைவு. சிகரத்திற்கோ, ஓய்வுபெற்றுவிட்ட எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது.

1851இல் வெளிவந்த நில அளவைக் கையேட்டின் கணிதப் பகுதிகளுக்கு ராதாநாத் பெரிதும் உதவினார். முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தார்கள். 1870இல் அவர் இறந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் கணக்குகள் இருந்தன, அவர் பெயர் இல்லை. மறு ஆண்டே இதைப் பத்திரிகையில் கண்டித்து எழுதியவர் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி.