யாழை மீட்டுத் தந்த துறவி

கொல்கத்தா இந்திய மியூசியத்துக்குச் செல்லும் தமிழன்பர்கள் பர்ஹுத் கற்சிற்பங்களை நின்று பார்க்க வேண்டும். சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சிற்பங்களில், வில்லைப் போல வளைந்த யாழை வாசிப்போரைக் காணலாம். பர்மாவில் அவ்வகைக் கருவி இன்றும் ஒலிக்கிறது. தமிழகத்திலோ யாழ் ஏட்டோடு நின்றுவிட்டது. அதை மீட்கத் தம் வாழ்நாளைத் தந்தவர் சுவாமி விபுலானந்தர்.

1892-ல் இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனம். 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும், 1920-ல் லண்டன் பல்கலைக் கழக பி.எஸ்ஸி. தேர்விலும் தேறினார். 1924-ல் சென்னை ராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். அவருக்குச் சந்நியாசம் அளித்தவர், அப்போது நமது பேலூர் மடத்தின் தலைவராயிருந்த சுவாமி சிவானந்தர். அந்தக் குருவின் பெயரால் மட்டக்களப்பில் அமைந்ததே சிவானந்த வித்தியாலயம். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையை அவர் ஆராயத் தொடங்கினார். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர் கூறியிருந்தார். ஆனால் எந்த நரம்பு எந்தச் சுரம், எப்படிச் சுருதி கூட்டுவது என்று சொல்லித்தர ஆளில்லை. ஐரோப்பாவிலும் வயோலா டா காம்பா என்ற வில் வாத்தியம் வழக்கொழிந்து, 1890-களில் லண்டனில் ஆர்னால்டு டோல்மெட்ச் போன்றோரால் உயிர் பெற்றது. அங்கே பழைய கருவிகளும், எழுதி வைத்த இசைக் குறிப்புகளும் எஞ்சியிருந்தன. அடிகளாருக்கோ பாட்டும் உரையுமே துணை. படித்த கணிதம் கைகொடுத்தது. 22 அலகுகளின் அளவைக் கணக்கிட்டு, பண்களின் இலக்கணத்தை வகுத்தார், யாழ்களையும் செய்வித்தார்.

இடையில் இமயத்து மாயாவதியில் 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழின் ஆசிரியப் பணி. 1943 முதல் இலங்கைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேராசிரியர் பதவி. நோய் வாட்டியபோதும் ஆராய்ச்சியை விடவில்லை.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் பதிப்பித்த 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் செய்வித்த யாழ்கள் ஊர்வலமாக எடுத்து வரப்பட்டன. ஒன்றரை மாதத்தில், ஜூலை 19 அன்று, அடிகளார் கொழும்பில் மறைந்தார்.

அண்மைக் காலத்தில் தமிழகத்தில் சிலர் மீண்டும் யாழ் செய்து வாசிக்க முற்பட்டுள்ளனர். அவர்களுக்கு முன்னே வழி போட்டு வைத்தவர் அந்தக் காரைதீவுத் துறவியே.