உடலுக்குப் பெயர் தேடிய மருத்துவர்

முப்பத்தெட்டு வயதில் ஒரு மருத்துவர், அரிச்சுவடிகூடத் தெரியாத ஓர் அயல்மொழி நூலை மொழிபெயர்க்கத் துணிந்தார் என்றால் நம்புவது கடினம்தான். ஆனால் அது நடந்தது. அவர் பெயர் சுகிடா கென்பாக்கு. ஊர் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ.

கென்பாக்கு 1733இல் பிறந்தார். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டாள். தாயைக் காப்பாற்றும் பதற்றத்தில், குழந்தையும் இறந்ததென்று எண்ணித் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வைத்துவிட்டார்களாம். பிறகுதான் உயிர் இருப்பதைக் கண்டார்கள். தந்தையும் பாட்டனாரும் ஒபாமா என்னும் சிற்றரசின் மருத்துவர்கள். ஆகவே படிப்புக்கோ புத்தகத்துக்கோ வீட்டில் பஞ்சமில்லை. தலைமுறையில் முதலாவதாகப் பட்டப்படிப்புக்கு வந்திருக்கும் எனக்கு, இதைப் படிக்கையில் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

அந்நாளில் ஜப்பான் தன் கதவுகளை அடைத்துக்கொண்டிருந்தது. ஐரோப்பியரில் டச்சு வணிகருக்கு மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்னும் சிறு தீவில் இடம் உண்டு. 1720இல் ஷோகன் யோஷிமுனே அயல்நாட்டு நூல்களின் மீதிருந்த தடையைத் தளர்த்தினார். அதன் பின் டச்சு நூல்கள் ஒன்றிரண்டாக உள்ளே வரத் தொடங்கின. ஜெர்மானியரான கூல்முஸ் எழுதிய உடற்கூற்று நூலின் 1734ஆம் ஆண்டு டச்சுப் பதிப்பும் அவற்றுள் ஒன்று. 1771இல் அது விலைக்கு வந்தது. கென்பாக்குவால் வாங்க இயலவில்லை. சிற்றரசின் பணத்தில் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வரியும் படிக்கத் தெரியாமலே, படங்களுக்காக அதை வாங்கினார்! அதிலிருந்த நுரையீரலும் எலும்புகளும் சீன மருத்துவ நூல்களில் கண்டவை போல் இல்லை. எது உண்மை?

அதே ஆண்டு வசந்த காலத்தில் விடை கிடைத்தது. கொசுகப்பாரா கொலைக்களத்தில் மரண தண்டனை பெற்ற ஐம்பது வயதுப் பெண் ஒருத்தியின் உடல் அறுக்கப்படுவதைக் காண அவருக்கு அனுமதி வந்தது. தம் சிற்றரசைச் சேர்ந்த மருத்துவர் நாககாவா ஜுன்அன், பத்து வயது மூத்தவரான மாயேனோ ரியோதாக்கு ஆகியோருடன் சென்றார். ரியோதாக்குவும் கையில் ஒரு நூல் கொண்டுவந்திருந்தார். பார்த்தால் அதே நூல், அதே பதிப்பு!

இங்கு நான் சற்று நிற்க விரும்புகிறேன். உடலை அறுத்தவர் மருத்துவர் அல்லர். பிணத்தைத் தொடுவது இழிவு என்று கருதிய சமூகம் அது. அவ்வேலை ஒதுக்கப்பட்ட குலத்தினர் தலையில் கட்டப்பட்டிருந்தது. அன்று வரவேண்டியவன் தொராமாட்சு என்பவன். அவனுக்கு உடல்நலமில்லாததால் தொண்ணூறு வயதுப் பாட்டனார் வந்தார். இளமை முதல் பல உடல்களை அறுத்த கை. இது இதயம், இது ஈரல், இது இரைப்பை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பெயரில்லாத சிலவற்றையும் காட்டி, எல்லா உடல்களிலும் இவை இதே இடத்தில் இருப்பதாகச் சொன்னார். முன்பு வந்த மருத்துவர்கள் எவரும் அவை என்னவென்று கேட்டதே இல்லையாம். டச்சுப் படத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றும் அப்படியே பொருந்தியது. களத்தில் சிதறிக் கிடந்த எலும்புகளை எடுத்துப் பார்த்தார்கள், அவையும் பொருந்தின. பேரனின் பெயரைப் பின்னாளில் எழுதிவைத்த கென்பாக்கு, அந்தக் கிழவரின் பெயரை எழுதவில்லை. எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது.

இதற்கு முன்பும் அரசு மருத்துவர்கள் இத்தகைய அறுவையைக் கண்டதுண்டு. கண்டது நூலோடு முரண்பட்டபோது, சீனர் உடலும் ஜப்பானியர் உடலும் வேறுபட்டவையோ என்று ஐயுற்றார்களே தவிர நூலை ஐயுறவில்லை. நூல்மீது நம்பிக்கை என்பது எவ்வளவு வலியது பாருங்கள்!

திரும்பும் வழியிலேயே மூவரும் முடிவு செய்தார்கள். மறுநாளே ரியோதாக்கு வீட்டில் வேலை தொடங்கியது. ரியோதாக்குவுக்குச் சில நூறு டச்சுச் சொற்கள் தெரியும். மற்றவர்க்கு எழுத்தே புதிது. அகராதி கிடையாது. ஆகவே படங்களிலிருந்து தொடங்கினார்கள். புருவம் என்பது கண்ணுக்கு மேல் வளரும் மயிர் என்னும் ஒரு வரியைப் புரிந்துகொள்ள நீண்ட பகல் ஒன்று முழுதும் ஆயிற்று. மாதம் ஆறேழு முறை கூடினார்கள். ஓராண்டில் நாளொன்றுக்குப் பத்து வரி ஓடியது. அன்றன்று தெளிந்ததைக் கென்பாக்கு அன்றிரவே எழுதி முடிப்பார். தாம் நோயாளி, நூல் முடிவதற்குள் புல்லுக்கடியில் போய்விடுவேன் என்று அவசரப்படுத்துவாராம். நண்பர்கள் அதையே அவருக்குப் பட்டப்பெயராக்கிக் கேலி செய்தார்கள். பதினொரு முறை திருத்தி எழுதினார்.

மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் கையாண்ட முறை. ஏற்கெனவே சொல் இருந்தால் அதையே எடுத்தார்கள். எலும்புக்குப் புதுப்பெயர் எதற்கு? சொல் இல்லாதபோது பொருளறிந்து புதிதாக ஆக்கினார்கள். மென்மையான எலும்பு என்னும் பொருளில் நங்கோட்சு என்றார்கள். நம் பள்ளிப் புத்தகத்தில் குருத்தெலும்பு. நரம்புக்கு அவர்களிடம் சொல்லே இல்லை. உயிராற்றல் செல்லும் தடம் என்னும் கருத்தில் ஷின்கெய் என்ற சொல்லைப் படைத்தார்கள். இரண்டும் புகாதபோது டச்சு ஒலியையே எழுதிவைத்தார்கள்; சுரப்பி அப்படித்தான் டச்சுப் பெயரோடேயே நின்றது. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலோடு போராடும் என் போன்றோர்க்கு இம்மூன்று வழியும் அன்றாட அனுபவம். எனினும் ஒன்று சொல்ல வேண்டும்: நூலை அவர்கள் எழுதியது பேச்சு ஜப்பானியத்தில் அன்று, கற்றோர் கையாண்ட செஞ்சீன நடையில். கற்றவர் மதிக்க வேண்டுமென்றால் அன்று அதுதான் வழி.

அச்சமும் இருந்தது. 1765இல் டச்சு எழுத்துகளை அச்சிட்ட ஒரு நூல் தடைக்கு உள்ளாகியிருந்தது. ஆகவே 1773இல் சில படங்களை மட்டும் முன்னோட்டமாக வெளியிட்டு ஆழம் பார்த்தார்கள். எதிர்ப்பு எழவில்லை. 1774இல் கைதாய் ஷின்ஷோ, அதாவது புதிய உடற்கூற்று நூல், உரை நான்கு தொகுதியும் படம் ஒரு தொகுதியுமாக வெளிவந்தது. படங்களை வரைந்தவர் ஓடானோ நாவோதாகே.

மொழிபெயர்த்தவர் பட்டியலில் ரியோதாக்குவின் பெயர் இல்லை. மூவரில் டச்சு அறிந்தவர் அவர் ஒருவரே. பிழைகள் மலிந்த நிலையில் வெளியிட அவர் மனம் ஒப்பவில்லை என்பர் சிலர். புகழுக்காகக் கற்பதில்லை என்று தெய்வத்தின் முன் உறுதி பூண்டிருந்தார் என்பர் வேறு சிலர். கென்பாக்குவோ பிழை இருந்தாலும் நோயாளிக்கு இன்றே பயன்பட வேண்டும் என்ற கட்சி. நானாக இருந்தால் கென்பாக்கு பக்கமே நிற்பேன். ஆனால் ரியோதாக்கு இல்லாமல் முதல் பக்கமே நகர்ந்திராது.

1815இல், எண்பது வயதைக் கடந்த பின், கென்பாக்கு இக்கதையை நினைவுக் குறிப்பாக எழுதினார். இரண்டாண்டில், 1817இல், காலமானார். கைப்பிரதியாகவே இருந்த அக்குறிப்பு அழிந்ததென்றே நினைத்திருந்தார்கள். ஷோகன் ஆட்சியின் இறுதியில் எடோவின் யூஷிமா தெருவோரப் பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு படி அகப்பட்டது. 1869இல் ஃபுகுசாவா யுகிச்சி அதை அச்சேற்றினார்.

நூலின் பிழைகளைத் திருத்தும் பொறுப்பைக் கென்பாக்கு தம் மாணவர் ஓட்சுகி கென்தாக்குவிடம் ஒப்படைத்திருந்தார். அவர் ரியோதாக்குவிடமும் பயின்றவர். இரு ஆசிரியர் பெயரிலிருந்தும் ஒவ்வொரு பகுதியை எடுத்துத் தம் பெயராக வைத்துக்கொண்டவர். திருத்திய பதிப்பு 1826இல் அச்சாகி வந்தது.