ஒரு வருஷ நேர்த்திக்கடன்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கோடியில் ஓடுகிறது பாம்பாறு. மாவட்ட எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் ஓரியூர். அங்கே ஒரு மணல் மேடு சிவந்து கிடக்கிறது. ஒரு சுவாமியாரின் ரத்தம் சிந்தியதால் சிவந்த மண் என்பது ஜனங்களின் நம்பிக்கை. அருளானந்து என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்களே, அந்தப் பெயருக்கு உரியவர் அவர்தான்.

அருளானந்தர் பிறந்தது போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பன் பட்டணத்தில். 1647-ம் வருஷம் மார்ச் 1-ந் தேதி. பெற்றோர் வைத்த பெயர் ஜான் டி பிரிட்டோ. பெரிய இடத்துப் பிள்ளை. தகப்பனார் பிரேசிலில் கவர்னராக இருந்து அங்கேயே காலமானார். பையன் அரண்மனையில் வளர்ந்தான். இளவரசர் பேதுரு அவனுடைய விளையாட்டுத் தோழர்.

சிறு வயதில் அவனுக்குக் கடுமையான வியாதி கண்டது. பிழைப்பது அரிது என்றாகிவிட்டது. தாயார் சவேரியாரை வேண்டிக்கொண்டார். நம் முத்துக்குளித்துறைக்கு வந்து மீனவ மக்களோடு வாழ்ந்தாரே, அதே சவேரியார்தான். பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் சேசுசபைக் குருக்களின் அங்கியை அவனுக்கு உடுத்துவதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான்.

மற்றப் பிள்ளைகள் பட்டும் ஜரிகையுமாக உலாவுகிற அரண்மனையில் இவன் மட்டும் கறுப்பு அங்கியோடு நின்றான். சின்ன அப்போஸ்தலர் வந்துவிட்டார் என்று கேலி செய்தார்கள். அவன் கோபப்படவில்லை. தினமும் காலையில் எழுந்து அதையே உடுத்திக்கொண்டான். வருஷம் முடிந்தது, நேர்த்திக்கடன் தீர்ந்தது என்று தாயார் நினைத்தார். பையன் அப்படி நினைக்கவில்லை. 1662-ல், பதினைந்தாவது வயதில், சேசுசபையிலேயே சேர்ந்துவிட்டான். சவேரியார் போன தேசத்துக்கே போகவேண்டும் என்றான். தாயார் அழுதார், பெரிய மனிதர்களைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தார். பெற்ற மனம் அல்லவா! 1673-ல் கப்பல் புறப்பட்டுவிட்டது.

பண்டார சுவாமி

மறுவருஷம் அவர் மதுரை மிஷனுக்கு வந்தார். தமிழ் படித்தார். காவி கட்டினார். மேல்ஜாதியாரோடு மட்டும் பழகும் சந்நியாசியாக இராமல், எல்லா ஜாதியாரும் அணுகக்கூடிய பண்டார சுவாமியாக இருந்தார். சோறும் கீரையும் காய்கறியுமே ஆகாரம். மாமிசம் தொடுவதில்லை. படுக்கை வெறுந்தரை. வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராக நடை. அடி வாங்கி இறப்பது ஒருநாள் காரியம். இந்த நடையோ பல வருஷம் நடந்தது.

1686-ல் மறவர் சீமையில் அவரைப் பிடித்து அடித்து வதைத்தார்கள். அப்போது ராமநாதபுரத்தில் ஆண்டவர் கிழவன் சேதுபதி. புதுக்கோட்டைச் சீமையைத் தம் மைத்துனர் ரகுநாதத் தொண்டைமானுக்கு அளித்தவரும் இவரே. சுவாமியார் சொன்னதைச் சேதுபதி கேட்டார். இனி இந்தச் சீமையில் போதிக்கக்கூடாது என்று சொல்லி விடுதலை செய்தார்.

பிறகு மிஷன் காரியமாக அவர் லிஸ்பன் போகவேண்டி வந்தது. விளையாட்டுத் தோழர் பேதுரு இப்போது ராஜா. இங்கேயே இருந்துவிடும்படி ராஜா கேட்டார். மாளிகையும் மரியாதையும் காத்திருந்தன. பெற்ற தாயும் அங்கேதான் இருந்தார். சுவாமியாரோ அந்தக் குளிர் தேசத்திலும் மாமிசம் தொடவில்லை, தரையிலேயே படுத்தார். 1690-ல் திரும்பி வந்துவிட்டார்.

ஓரியூரில்

தடியத் தேவர் என்ற மறவர் குலப் பிரபு நோயிலிருந்து பிழைத்து வேதத்தில் சேர விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவியோடு மட்டும் வாழவேண்டும் என்றார் சுவாமியார். தேவர் சம்மதித்தார். 1693 ஜனவரி 6-ந் தேதி ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அவளுக்கும் அது பெரிய துயரம்தான். அவள் அரண்மனையில் முறையிட்டாள். இரண்டே நாளில் சுவாமியாரைப் பிடித்தார்கள்.

ஓரியூர்ச் சிறையில் பேனாவும் மையும் ஏது? கரியைத் தண்ணீரில் குழைத்து, துரும்பால் தோழர்களுக்குக் கடைசிக் கடிதங்கள் எழுதினார். பிப்ரவரி 4-ந் தேதி, விபூதிப் புதன்கிழமை, அவர் தலை வெட்டப்பட்டது. வயது நாற்பத்தைந்து.

வேலை நிற்கவில்லை. அதே மதுரை மிஷனைச் சேர்ந்த பூஷே என்ற பிரெஞ்சுக் குரு, சில வருஷங்களிலேயே புதுக்கோட்டைச் சீமையின் ஆவூரில் கோயில் எழுப்பினார். வீரமாமுனிவரும் அங்கே பணி செய்திருக்கிறார். ஆவூரில் 1747-ல் பெரிய கோயிலும் எழுந்தது. அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1947 ஜூன் 22-ந் தேதி. நாடு சுதந்தரம் அடைவதற்கு இரண்டு மாதம் முன்பு.

அவர் கொல்லப்பட்ட செய்தி கப்பலேறி லிஸ்பன் போய்ச் சேர்ந்தபோது தாயார் உயிரோடு இருந்தார். மகனை அனுப்ப மாட்டேன் என்று ஒரு காலத்தில் அழுத தாய். துக்கத்துக்கு உரிய கறுப்பை அவர் உடுத்தவில்லை. திருநாளுக்குப் போகிறவர்போல் நல்ல உடை அணிந்துகொண்டு அரண்மனைக்குப் போனார்.