எண்ணிப் பார்த்த மனிதர்: சர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்

மருத்துவ உலகின் மாமேதைகள் யார் என்று கேட்டால், லூயி பாஸ்டர், அலெக்சாண்டர் பிளெமிங் என்று நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற பெயரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. மருத்துவ மாணவனாக இருந்தபோது, பொதுச் சுகாதாரப் பாடத்தின் வழியே அவர் எனக்கு அறிமுகமானார். அவரது வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது இரண்டு செய்திகள் என்னை வியக்க வைத்தன. ஒன்று, அவர் மருத்துவரே அல்லர். மற்றொன்று, இளமையில் அவரே நுரையீரல் நோயால் சாகக் கிடந்தவர்.

கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தத் துறையில் ஈடுபாடு வரக் காரணம் உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தாத்தா, நாற்பது ஆண்டுகள் விடாமல் புகைத்தவர். இருமலோடு எழுந்து இருமலோடு படுத்தவரை இறுதியில் கொண்டு போனது மாரடைப்பு. நெஞ்சுச் சளிக்காரருக்கு இருதயம் ஏன் நின்றது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அந்தக் கேள்விக்கு உலகமே விடை அறியாமல் இருந்த காலத்தில், விடையைத் தேடிப் புறப்பட்டவர்தான் ஹில்.

1897ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை லியோனார்ட் ஹில் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். தந்தையைப் போலவே மருத்துவத் துறைக்குப் போகவேண்டும் என்பது மகனின் கனவு. ஆனால் முதல் உலகப் போர் குறுக்கிட்டது. கடற்படையின் விமானப் பிரிவில் விமானியாகச் சேர்ந்து ஏஜியன் கடல் பகுதிக்குச் சென்ற இளைஞரைக் காசநோய் பற்றிக்கொண்டது. அந்நாளில் காசநோய்க்கு மருந்தே இல்லை. இனிப் பிழைக்கமாட்டார் என்று எண்ணியே அவரைத் தாயகத்திற்கு அனுப்பினார்கள். நீண்ட காலம் படுக்கையில் கிடந்தவர், எல்லாருடைய கணிப்பையும் பொய்யாக்கி மீண்டு வந்தார்.

மருத்துவப் படிப்பின் கடும் உழைப்பை அந்த உடல் தாங்காது. எனவே படுக்கையில் இருந்தபடியே அஞ்சல் வழியாகப் பொருளாதாரம் படித்து, 1922இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். குடும்ப நண்பரான புள்ளியியல் அறிஞர் மேஜர் கிரீன்வுட், அவருக்கு மருத்துவ ஆய்வுத் துறையில் வழி காட்டினார். மருத்துவராக முடியாதவர், மருத்துவத்திற்கே கணக்குச் சொல்லித்தர வந்தார்! பஞ்சாலைத் தொழிலாளர்களின் நோய்களை ஆராய்ந்த அவரது அறிக்கை 1930இல் வெளிவந்தது. 1937இல் மருத்துவர்களுக்காக அவர் எளிய நடையில் எழுதிய புள்ளியியல் கட்டுரைகள் நூலாகி, பல பதிப்புகள் கண்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தது. காசநோயைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிரிட்டனிடம் இருந்த மருந்தோ எல்லாருக்கும் போதாது. இந்தப் பற்றாக்குறையையே ஹில் நேர்மையான ஒரு சோதனைக்கு வாய்ப்பாக மாற்றினார். நோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவு செய்யவில்லை. தற்செயல் எண்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டு, உறையிட்டு ஒட்டப்பட்ட சீட்டுகள் முடிவு செய்தன. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். 1948இல் வெளியான இந்த ஆய்வு, இன்றைய மருந்துச் சோதனைகள் அனைத்திற்கும் முன்னோடி. ஆயினும் அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தந்தது. தனியாகக் கொடுத்தால் கிருமிகள் அந்த மருந்துக்கு மசியாமல் பழகிவிடுகின்றன. அதனால்தான் காசநோய்க்குக் கூட்டு மருந்து முறை வந்தது.

இந்தச் சோதனை முறை நம் தமிழ் மண்ணையும் தொட்டது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகத்திலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைத் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நெருக்கடியான வீட்டில், எளிய உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவதற்கு வழிவகுத்தது.

ஹில்லின் மிகப் பெரிய பணி புகைப்பழக்கம் பற்றியது. நுரையீரல் புற்றுநோய் பெருகிவந்த அந்நாளில் சாலைத் தாரின் மீதும் வாகனப் புகையின் மீதும் ஐயம் இருந்தது. ஹில்லும் இளம் மருத்துவரான ரிச்சர்ட் டாலும் லண்டன் மருத்துவமனைகளில் 709 புற்றுநோயாளிகளையும், அவர்களை ஒத்த வேறு 709 நோயாளிகளையும் விசாரித்தார்கள். பழி சிகரெட்டின் மீதே விழுந்தது. ஆய்வு நடக்கும்போதே டால் புகைப்பதை விட்டுவிட்டார்.

1950இல் வெளியான அந்த முடிவைப் பலர் ஏற்கவில்லை. நோய் வந்த பிறகு விசாரிப்பது போதாது என்று கண்ட ஹில், நலமாக இருப்பவர்களையே பின்தொடர முடிவு செய்தார். 1951 அக்டோபரில் பிரிட்டனின் மருத்துவர்கள் அனைவருக்கும் ஒரு சிறு கேள்வித்தாள் போனது. மருத்துவர்களின் பெயர் பதிவேட்டில் இருக்கும்; எனவே ஆண்டுகள் பல கடந்தாலும் அவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. ஏறக்குறைய 40,000 பேர் பதில் அனுப்பினார்கள். அதன்பின் ஆய்வாளர்கள் செய்தது என்ன? காத்திருந்தார்கள், இறப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள்.

1954இலும் 1956இலும் வந்த அறிக்கைகள் புற்றுநோயோடு நிற்கவில்லை. நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் இருதய இரத்தநாள அடைப்பும் புகைப்பவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. என் தாத்தாவைப் போன்றவர்களின் கதை இங்கேதான் விளங்குகிறது. புகை, மூச்சுக்குழலின் உட்பரப்பைப் புண்ணாக்கி, காற்றுப் பைகளின் சுவர்களை அரிக்கிறது. அதே புகையின் நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, நாளங்களின் மெல்லிய உட்சுவரைக் கெடுக்கின்றன. அங்கே கொழுப்புப் படிகிறது, இரத்தம் உறைகிறது. பிராணவாயு குறையும்போது நுரையீரலின் நாளங்களும் சுருங்கி, இருதயத்தின் வலப்பக்கம் பாரம் தாங்காமல் தளர்கிறது. இருமலும் மாரடைப்பும் ஒரே வேரிலிருந்து முளைத்த இரு கிளைகள்.

எதிர்ப்பும் வந்தது. புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷரே, புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபுக்கூறு தரலாம் அல்லவா என்று வாதிட்டார். அந்த வாதத்தை அசைத்தது கூடுதல் ஆண்டுகளின் கணக்குத்தான். புகைப்பதை விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்துகொண்டே வந்தது. மரபுக்கூறுதான் காரணம் என்றால், பழக்கத்தை விட்டதும் ஆபத்து ஏன் குறையவேண்டும்? 1965இல் ஹில், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்போது முடிவு செய்யலாம் என்பதற்கு ஒன்பது கோணங்களை வகுத்துத் தந்தார். நான் வகுப்பில் படித்தவை அவையே.

1961இல் சர் பட்டம் பெற்ற ஹில், 1991 ஏப்ரல் 18ஆம் நாள் தமது 93ஆம் வயதில் மறைந்தார். இருபது வயதில் பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்டவர் அவர்! அவர் தொடங்கிய ஆய்வு அவருக்குப் பிறகும் தொடர்ந்து, 2004இல் ஐம்பதாண்டு முடிவை வெளியிட்டது. விடாமல் புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழக்கிறார்கள். அறுபது வயதில் விட்டால் மூன்று ஆண்டுகளும், நாற்பதில் விட்டால் ஒன்பது ஆண்டுகளும் மீட்கலாம். முப்பதில் விட்டால் ஏறக்குறைய அனைத்தையும் மீட்டுவிடலாம்.

மாணவ நண்பர்களே, இது எங்கோ நடந்த கதை அன்று. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் கடுமையாகி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. வானத்துப் புகை நாமே விரும்பி இழுப்பதன்று. சிகரெட்டின் புகை அப்படியல்ல. 2019 முதல் நாட்டின் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வந்துவிட்டது. ஆயினும் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நிற்கும் நம் இளைஞர் கூட்டத்தில் இன்றும் சிகரெட் கைமாறுவதைக் காண்கிறேன். அவர்களில் பலருக்கு முப்பது வயதாகவில்லை. இழந்ததை மீட்கும் வாய்ப்பு இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் நெடுங்கால ஆய்வு ஒன்றில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்கள் சேர்க்கப்பட்டுப் பின்தொடரப்படுகிறார்கள். இத்தகைய ஆய்வுகளில் நம்மவர் விடுபட்டுப் போனால், நம் நோய்களும் கணக்கில் வராமல் போகும். உங்கள் பெற்றோரைத் தேடி அப்படி ஒரு கேள்வித்தாள் வந்தால், அருகில் அமர்ந்து அதை நிரப்ப உதவுங்கள். ஹில்லின் ஆய்வைத் தாங்கி நின்றவை அப்படிப்பட்ட நாற்பதாயிரம் பதில்களே.